பாமினி மாற்றியின் அடுத்த பதிப்பைச் சரி என்று சொல்வது யார்?

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோர ஊர்களிலும் பல வருட எழுத்து இன்னும் பாமினி எழுத்துருவுக்குள்ளேயே கிடக்கிறது. கோயில் மலர், பள்ளிவாசல் கணக்கு, பாடசாலைப் பரிசளிப்பு விழா நிகழ்ச்சிநிரல், விவசாய அமைப்பின் உறுப்பினர் பட்டியல் என்று எதை எடுத்தாலும் அதுதான். அவற்றை, இன்று எல்லாக் கணினிகளும் புரிந்துகொள்ளும் பொதுவான எழுத்துக் குறிமுறையான யூனிகோடுக்கு மாற்றித் தரும் ஒரு திறந்த மூல மென்பொருளை நாங்கள் எட்டுப் பேர் சேர்ந்து பராமரிக்கிறோம். வந்தாறுமூலை, ஏறாவூர், கல்லடி, களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று வெவ்வேறு ஊர்களில் இருக்கிறோம், ஒருவர் தோஹாவில். இதுவரை இதைத் தொடங்கியவரே பொதியை, அதாவது வெளியிட வேண்டிய கோப்புத் தொகுப்பை, கட்டுவார், அவரே வெளியிடுவார். இப்போது அடுத்த பெரிய பதிப்பு ஆர்சி நிலைக்கு வந்துவிட்டது. அதாவது, 'பெரிய பிழை எதுவும் தென்படாவிட்டால் இதையே அப்படியே வெளியிடலாம்' என்று சோதனைக்குக் கொடுக்கும் பிரதி. வெளியிடலாம் என்ற கடைசிச் சொல்லை யார், எந்த முறையில் சொல்வது என்பதில்தான் குழுவுக்குள் இன்னும் ஒரு முடிவு வரவில்லை. ஐந்து யோசனைகள் வந்திருக்கின்றன. நான் வாக்கெடுப்பின் பக்கம் நிற்கிறேன், ஆனால் நிபந்தனைகளோடு.

முதலில் எங்கள் மென்பொருளில் பிழை எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். எந்த முறை பொருந்தும் என்பது அதைப் பொறுத்தது.

பாமினியில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. கொம்பு கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே, எழுத்துக்கு முன்னால் அடிக்கப்படும். யூனிகோடில் அது எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும். 'ஔ' ஓசை வரும் எழுத்துகளின் கடைசிப் பகுதிக்கும் 'ள'வுக்கும் ஒரே விசைதான். கவனமில்லாமல் மாற்றினால் 'வெள்ளம்' என்பது 'வௌ்ளம்' ஆகிவிடும், 'வெளிநாடு' 'வௌிநாடு' ஆகிவிடும். இலங்கைத் தளங்களில் இந்த வடிவங்களைப் பார்க்காதவர்கள் குறைவு. அதைச் சரிசெய்கிறேன் என்று எல்லா 'வௌ'வையும் பிரித்தால் 'வௌவால்' உடைந்துபோகும். அப்புறம் 'ர்'. பலர் அதை அரவும் (கால் குறி) குற்றும் (புள்ளி) சேர்த்து அடித்திருப்பார்கள். தாளில் பார்த்தால் 'ர்' போலவே இருக்கும். மாற்றிய பிறகும் 'அவா்கள்' என்று கிடக்கும். பார்க்கும்போது சரியாகத்தான் தெரியும், தேடினால் மட்டும் அகப்படாது. இன்னொன்று, பழைய தேசிய அடையாள அட்டை இலக்கம். ஒன்பது இலக்கங்களுக்குப் பின் பெரும்பாலும் ஆங்கில 'வீ' எழுத்து வரும். பாமினியில் அதே விசை 'ஏ'. ஒரு பட்டியலை வெறும் எழுத்தாக எடுத்து மொத்தமாக மாற்றினால் இலக்கத்துக்கு இலக்கம் கடைசியில் 'ஏ' வந்து உட்கார்ந்துவிடும்.

இவற்றில் எதுவும் மென்பொருளை நிறுத்தாது, எச்சரிக்கையும் தராது. பட்டியல் அச்சாகி, கையெழுத்தும் வைக்கப்பட்டு, உரிய இடத்துக்குப் போன பிறகுதான் ஒருவருடைய பெயரோ இலக்கமோ பிழை என்று தெரியவரும். வெள்ள நிவாரணப் பட்டியலாக இருந்தால் அது யாரோ ஒருவருடைய அரிசியும் தகரமும். இந்த விடயத்தில் நான் பிடிவாதமாக நிற்பதற்குக் காரணம் இதுதான்.

சரி, யோசனைகளுக்கு வருவோம்.

ஒருவரே முடிவெடுக்கட்டும் என்பது முதலாவது. இப்போது இருப்பதும் அதுவே. இதைக் குறைவாக எடைபோடக் கூடாது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவகத்தில் 1991இலிருந்து கடைசிச் சொல் பெரும்பாலும் ஒருவருடையதுதான். இப்போதைய வழக்கப்படி, அதைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இரண்டு வாரம் புதிய மாற்றங்களை ஏற்பார், பிறகு ஆர்சி1 வரும், அதன்பின் வாரம் ஒன்றாக ஆர்சிக்கள் வரும். பெரும்பாலும் ஆர்சி7, சிலவேளை ஆர்சி8, அதற்கடுத்தது வெளியீடு. வாக்கு என்று ஒன்றும் கிடையாது. அங்கே இது நடப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு ஆர்சியையும் உலகம் முழுக்கப் பலர் உடனே ஓட்டிப் பார்க்கிறார்கள். வெளியான பிறகு பிழைதிருத்தங்களைச் சேர்த்து நிலைப்பதிப்பு வெளியிட வேறொரு அணி இருக்கிறது. எங்களிடம் இரண்டும் இல்லை.

பைதான் நிரல்மொழிக் குழு இதையே இன்னும் கட்டுப்பாடாகச் செய்கிறது. அந்த மொழியை உருவாக்கிய கீடோ வான் ரோசம் 2018இல் தலைமையை விட்ட பிறகு ஐந்து பேர் கொண்ட வழிநடத்தல் குழுவை அங்கே தேர்தல் வைத்துத் தெரிவுசெய்கிறார்கள். ஆனால் ஒரு பதிப்பை வெளியிடும் பொறுப்பு ஒரு வெளியீட்டு முகாமையாளரிடமே இருக்கிறது. அந்தப் பொறுப்பு ஒரே ஆளிடம் தங்கிவிடாமல் சில பதிப்புகளுக்கு ஒருமுறை கைமாறுகிறது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒருவர் பொறுப்பாக இருப்பது நல்லது. ஒரே ஆள் எப்போதும் பொறுப்பாக இருப்பதுதான் ஆபத்து. எங்கள் தொடக்குநர் நாளைக்கு வெளிநாடு போகலாம், நோய்வாய்ப்படலாம், வேலை மாறலாம். பொதி எங்களுடையதுதான் என்று உறுதிப்படுத்தும் கையொப்பத் திறவுகோல் அவருடைய மடிக்கணினியில் மட்டும் இருந்தால் மென்பொருளும் அவரோடு போய்விடும்.

திகதி வைத்து வெளியிடுவது இரண்டாவது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு வருடத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் ஒக்டோபரிலும், வெளியிடுகிறது. பதிப்பு எண்ணே வருடமும் மாதமும்தான். 2006இல் ஏப்ரலில் வரவேண்டிய பதிப்பை ஜூனுக்குத் தள்ளினார்கள், அதனால் அது 6.06 ஆயிற்று. சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் இடத்துக்கு இது பொருந்தும். எங்களுக்கு ஒரு திகதி இருந்தால் வேலை தள்ளிப்போகாது என்பது உண்மை. ஆனால் பொதி தயாரா என்ற கேள்விக்குத் திகதி பதில் சொல்லாது. இதை இதோடு விட்டுவிடுகிறேன்.

மௌனம் சம்மதம் என்பது மூன்றாவது. ஆர்சியைக் குழுவில் போடுவோம், மூன்று நாளில் யாரும் மறுக்காவிட்டால் வெளியிடுவோம். குழுவில் பாதிப் பேருக்கு இதுதான் விருப்பம், ஏனென்றால் யாருக்கும் கூடுதல் வேலை இல்லை. பல திறந்த மூல மென்பொருள்களை நடத்தும் அப்பாச்சி அறக்கட்டளையின் திட்டங்களிலும் இந்த வழக்கம் உண்டு. சிறிய மாற்றங்களுக்கு ஒருவர் 'இதைச் செய்யப்போகிறேன்' என்று அறிவித்துவிட்டு, மறுப்பு வராவிட்டால் செய்துவிடுவார். ஆனால் வெளியீட்டுக்கு மட்டும் அவர்கள் மௌனத்தை ஏற்பதில்லை, வெளிப்படையான வாக்கு வேண்டும் என்கிறார்கள்.

எங்கள் நிலைமையில் மௌனத்துக்குப் பல காரணங்கள் இருக்கலாம். வடகீழ்ப் பருவமழை நேரம் படுவான்கரைப் பக்கம் வீதி மூழ்கி, மின்சாரமும் போயிருக்கலாம். அம்பாறையில் பெரும்போக அறுவடை நடக்கும் மாசி, பங்குனியில் இரண்டு பேர் வயலில் இருப்பார்கள். தோஹாவில் இருப்பவருக்கு இரவு வேலை. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் யாருடைய மௌனத்துக்கு என்ன பொருள் கொள்ள முடியும்? பார்த்துச் சரி என்று நினைத்த மௌனமும், திறந்தே பார்க்காத மௌனமும் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுதான்.

நாலாவது, டெபியன் வழி. இதை நான் அதிகம் மதிக்கிறேன். டெபியன் இன்னொரு லினக்ஸ் வகை, 1993இல் தொடங்கியது. வாக்கெடுப்புக்குப் பேர்போன சமூகம் அது. திட்டத் தலைவரை வருடாவருடம் வாக்கெடுத்தே தெரிவுசெய்கிறார்கள், அதுவும் வேட்பாளர்களை விருப்ப வரிசையில் எழுதும் முறையில். அப்படிப்பட்டவர்கள் வெளியீட்டை மட்டும் வாக்கெடுப்புக்கு விடுவதில்லை. வெளியீட்டைத் தடுக்கும் அளவுக்குப் பாரதூரமான பிழைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. புதிய மாற்றங்களைப் படிப்படியாக நிறுத்திவிட்டு அந்தப் பட்டியலைக் குறைத்துக்கொண்டு வருவார்கள். ஏற்கத்தக்க அளவுக்குக் குறைந்ததும் வெளியீட்டு அணி திகதி குறிக்கும். டெபியன் 12 வந்தது 2023 ஜூனில், 13 வந்தது 2025 ஓகஸ்டில்.

யார் எத்தனை பேர் என்பதை விட்டுவிட்டு, பிழை என்ன என்பதை மட்டும் பார்ப்பது இந்த முறையின் பலம். நாங்கள் அவசியம் எடுத்துக்கொள்ள வேண்டிய பகுதி இது. எதெல்லாம் தடைப்பிழை என்பதை ஆர்சி வருவதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும், வந்த பிறகு வாதாடிக்கொண்டிருக்கக் கூடாது. என் பட்டியல் சிறியது. மூலக் கோப்பை அழித்தாலோ மேலெழுதினாலோ தடை. ஆட்பெயரோ இடப்பெயரோ மாறினால் தடை. இலக்கம் எதுவானாலும், அடையாள அட்டை, தொலைபேசி, வங்கிக் கணக்கு என்று எதில் ஒரு எழுத்து மாறினாலும் தடை. 'வெள்ளம்' உடைந்தால் தடை. சாளரத்தின் நிறம், பொத்தானின் இடம், விளக்கக் கோப்பில் ஒரு சொல் தவறியது, இவையெல்லாம் அடுத்த பதிப்புக்குப் போகட்டும்.

ஆனால் இந்த முறையை மட்டும் நம்பினால் ஒரு ஓட்டை இருக்கிறது. யாரும் தேடாவிட்டாலும் பட்டியல் வெறுமையாகத்தான் இருக்கும். டெபியனின் சோதனைப் பதிப்பை நாள்தோறும் பலர் தங்கள் கணினியில் பாவிக்கிறார்கள், ஆகவே அங்கே பட்டியல் குறைந்தால் அதற்கு அர்த்தம் இருக்கிறது. எங்கள் ஆர்சியை யாராவது எடுத்து ஓட்டினார்களா என்பதே தெரியாமல் 'தடைப்பிழை இல்லை' என்று சொல்வதில் பெறுமதி இல்லை.

ஐந்தாவது, வாக்கெடுப்பு. இதில் அப்பாச்சியின் விதிகள்தான் தெளிவானவை. திட்ட முகாமைக் குழுவில் இருப்பவர்களிடமிருந்து குறைந்தது மூன்று +1, அதாவது சம்மத வாக்கு, வேண்டும். +1கள், மறுப்பு வாக்கான -1களைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். சாதாரணமாக 72 மணித்தியாலமாவது வாக்கு திறந்திருக்க வேண்டும். குழுவில் இல்லாதவர்களும் வாக்களிக்கலாம்; அது எண்ணிக்கையில் சேராது, ஆனால் வாசிக்கப்படும். வெளியீட்டு முகாமையாளர் நடுவில் வாக்கெடுப்பையே மீளப்பெறலாம். பிழை திருத்தி ஆர்சி2 கட்டினால் பழைய வாக்குகள் போய்விடும், எல்லோரும் புதிதாகப் பார்க்க வேண்டும்.

எங்கள் விவாதத்தில் பலர் குழம்பிய ஒரு இடத்தைத் தெளிவாக்குகிறேன். அப்பாச்சியில் நிரல் மாற்றத்துக்கு ஒருவர் தொழில்நுட்பக் காரணத்தோடு -1 போட்டால் அது தடையாணை. அவர் எடுக்கும்வரை அந்த மாற்றம் நிற்கும். வெளியீட்டுக்கு அப்படி இல்லை. ஒரு -1 வெளியீட்டை நிறுத்தாது. 'ஒரே ஒருவர் பிழை கண்டுபிடித்தாலும் நிறுத்தத்தானே வேண்டும்?' என்று கல்முனைத் தங்கச்சி கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் நல்ல காரணத்தோடு ஒரு -1 வந்தால் மற்றவர்கள் தங்கள் +1ஐ எடுத்துவிடுவார்கள், முகாமையாளர் ஆர்சி2க்குப் போய்விடுவார். காரணம் இல்லாத -1, ஒருவருடைய கோபத்தில் வந்த -1, அதுதான் தனித்து நிற்கும். எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவை அப்படிப்பட்ட ஒரு வாக்கு மாதக்கணக்கில் முடக்காமல் இருக்க, தடையாணை இல்லாத விதிதான் பாதுகாப்பு. எழுதிவைத்த தடைப்பிழைப் பட்டியல் இருந்தால் தங்கச்சியின் பயத்துக்கும் பதில் கிடைக்கிறது. அந்தப் பட்டியலில் இருக்கும் பிழையை நிரூபித்தால் வாக்கு எண்ணவே தேவையில்லை.

நான் வாக்கெடுப்பை விரும்புவதன் உண்மையான காரணம் எண்ணிக்கை அல்ல. அப்பாச்சியின் விதியில் இன்னொரு வரி இருக்கிறது, அதைத்தான் பலர் கவனிக்காமல் போகிறார்கள். எண்ணப்படும் +1 போடுபவர் கையொப்பமிட்ட மூலப் பொதியைத் தன் கணினியில் இறக்க வேண்டும், கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும், அதிலுள்ள நிரலை இருக்கிறபடியே ஓடக்கூடிய மென்பொருளாகத் தொகுக்க வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆகவே +1 என்பது காணி உறுதியில் சாட்சிக் கையெழுத்து வைப்பதற்குச் சமம். நேரில் நின்று பார்த்தவர்தான் வைக்கலாம். எனக்குப் பிடித்திருக்கிறது, நம்பிக்கையான ஆள் கட்டியது, ஆகவே +1 என்று போடுவதானால் அதற்கு மௌனமே போதும்.

2024 மார்ச் 29 அன்று வெளியான எக்ஸ்இசெட் விவகாரம் இதற்காகத்தான் என் நினைவில் நிற்கிறது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் அந்தச் சுருக்கி மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்கதவு, அதாவது இரகசிய நுழைவழி, இருந்தது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தள உருவாக்குநர் அன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட், தொலைவிலுள்ள கணினிக்குள் போகப் பாவிக்கும் எஸ்எஸ்எச் நுழைவு அரை வினாடி அளவு தாமதமாவதைக் கவனித்துத் தேடிப்போய் அதைக் கண்டுபிடித்தார். பின்கதவின் ஒரு பகுதி சோதனைக் கோப்புகள் என்ற பெயரில், நிரலைப் பொதுவில் வைத்திருக்கும் களஞ்சியத்திலேயே இருந்தது. அதை உயிர்ப்பிக்கும் நிரலோ களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுப் பொதியில் மட்டும் இருந்தது. நிரலைக் களஞ்சியத்தில் வாசித்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது. மூன்று பேர் வாக்களித்திருந்தால் பிடிபட்டிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அந்த வகைப் பொதிகளில் தானாக உருவாகும் கோப்புகள் எப்படியும் இருக்கும், அவற்றுக்குள் ஒன்று ஒளிந்துகொள்வது சுலபம். ஆனால் பொதியையும் களஞ்சியத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது ஒருவருடைய கடமையாகவாவது இருந்திருக்கும். எங்கள் பொதி சின்னது. தானாக உருவாகும் கோப்பு எதுவும் அதற்குள் இருக்கக்கூடாது என்று விதி வைத்தால் ஒரே கட்டளையில் இரண்டையும் ஒப்பிடலாம். இந்த ஒப்பீட்டைச் செய்யாத +1ஐ எண்ணக்கூடாது என்பது என் முதல் நிபந்தனை.

இரண்டாவது நிபந்தனை, யார் அந்த மூன்று பேர் என்பது. ஒரே மாதிரி மடிக்கணினியில் ஒரே உபுண்டுவில் ஓட்டிப் பார்த்த மூன்று +1 எனக்கு ஒன்றுதான். எங்கள் பாவனையாளர்கள் பெரும்பாலும் பழைய விண்டோஸ் கணினிகளில் இருக்கிறார்கள். மூன்றில் ஒன்றாவது அப்படிப்பட்ட கணினியிலிருந்து வர வேண்டும். இன்னொன்று, தட்டச்சையே தொழிலாகச் செய்பவரிடமிருந்து வர வேண்டும். எங்கள் குழுவில் அக்கரைப்பற்றில் அச்சகம் வைத்திருக்கும் காக்கா (அண்ணன்) ஒருவர் இருக்கிறார். நிரல் எழுதத் தெரியாது, ஆனால் இருபது வருடத்துக்கு மேல் பாமினியில் அடித்தவர். அரவையும் குற்றையும் சேர்த்து 'ர்' அடிக்கும் பழக்கத்தை எங்களுக்குக் காட்டித் தந்தவரே அவர்தான். 'தம்பி, நீங்க சரியா அடிச்ச எழுத்தை மாத்திப் பார்க்கிறீங்க. சனம் அடிக்கிற எழுத்தை மாத்திப் பாருங்க' என்றார். அவருடைய வாக்கு எண்ணிக்கையில் சேராது என்று வைத்தால் வாக்கெடுப்பே வேண்டாம்.

நேரத்தைப் பொறுத்தவரை 72 மணித்தியாலத்தை வியாழன் இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கி ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு முடிக்கலாம். காக்காவின் அச்சகம் வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரம் மூடியிருக்கும், ஆனால் அவருக்குச் சனி முழுக்க இருக்கிறது. ஆசிரியர்களுக்கும் அலுவலகத்தில் இருப்பவர்களுக்கும் சனி, ஞாயிறு இருக்கிறது. மழைக்காலத்திலும் அறுவடை நேரத்திலும் ரமழானிலும் அதை ஏழு நாளாக்கலாம். மூன்று +1 வராவிட்டால் வெளியீடு இல்லை, காத்திருப்போம். பாவனையாளர் கையில் பழைய பதிப்பு இருக்கிறது, அதன் குறைகள் அவர்களுக்குப் பழகியவை.

அவசரம் வந்தால்? 2021 டிசம்பரில் லொக்4ஜே என்ற மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை தெரியவந்த பிரச்சினையில் அப்பாச்சித் திட்டத்தினர் 2.15.0 வெளியிட்டார்கள், அந்தத் திருத்தம் முழுமையில்லை என்று தெரிந்து அதே மாதத்திலேயே 2.16.0, 2.17.0 என்று தொடர்ந்து வந்தன. உலகமே தாக்குதலுக்குள்ளான நேரம், 72 மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. எங்கள் மாற்றி வலையமைப்போடு பேசுவதில்லை, ஆகவே எங்களுக்கு வரக்கூடிய அவசரம் வேறு வகை: வெளியான பதிப்பு பெயர்களை மாற்றுகிறது என்று தெரியவருவது. அதற்குப் புதிய பொதி கட்ட ஓட வேண்டியதில்லை. பிழையான பதிப்பை உடனே எடுத்துவிட்டு முந்தியதைத் திரும்ப வைக்க வேண்டும். அதை எட்டுப் பேரில் யாரும் தனியாகச் செய்யலாம் என்று இருக்கட்டும். வெளியிடத்தான் மூன்று பேர் வேண்டும், திரும்பப்பெற ஒருவர் போதும்.

விளக்கக் கோப்புத் திருத்தம், சொற்பட்டியலில் ஊர்ப்பெயர் சேர்ப்பது போன்றவற்றுக்கு மௌன வழியையே வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றுக்கும் வாக்குக் கேட்டால் ஆட்கள் களைத்து, கடைசியில் பார்க்காமலேயே +1 போடத் தொடங்கிவிடுவார்கள்.

முகாமையாளர் பொறுப்பைப் பைதான் போலச் சுழற்சியில் விட வேண்டும் என்பதில் இதுவரை யாரும் மாறுபடவில்லை. இந்த முறை களுவாஞ்சிகுடி அக்கா பொதியைக் கட்டட்டும். தொடங்கியவர் வாக்காளர்களில் ஒருவராக இருக்கட்டும். வேறொருவர் கட்டியதை அவர் எதுவும் முன்கூட்டி நிறுவாத கணினியில் இறக்கி, எழுதிவைத்த குறிப்புகளை மட்டும் பார்த்துத் தொகுக்க வேண்டும். இத்தனை வருடமும் அவருடைய தலைக்குள் மட்டும் இருந்த படிகளில் எவை குறிப்பில் விடுபட்டன என்பதைக் கண்டுபிடிக்க அவரைவிடப் பொருத்தமான ஆள் இல்லை.